அந்நிய நேரடி முதலீடு: குருகிராமுக்குக் கிடைத்த பயன் நூ மாவட்டத்தை எட்டாதது ஏன்?

கடந்த 2024-25ஆம் நிதியாண்டில் இந்தியாவுக்கு வந்த மொத்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 8,100 கோடி டாலர். அதில் பங்கு மூலதனமாக வந்த தொகையில் மகாராஷ்டிரா 39 சதவீதத்தையும், கர்நாடகா 13 சதவீதத்தையும், டெல்லி 12 சதவீதத்தையும் பெற்றன. மக்கள்தொகை மிகுந்த உத்தரப் பிரதேசம், பீகார் உள்ளிட்ட ஏனைய மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

உற்பத்தித்திறன் உயர்வது எப்படி?

அந்நிய நிறுவனம் பணத்தை மட்டும் கொண்டு வருவதில்லை. தொழில்நுட்பம், தரக் கட்டுப்பாடு, நிர்வாக முறை ஆகியவையும் உடன் வருகின்றன. இதற்கு ஹரியானாவின் குருகிராம் சிறந்த சான்று. மத்திய அரசும் ஜப்பானின் சுசுகி நிறுவனமும் 1982இல் கூட்டு ஒப்பந்தம் செய்தன. 1983 டிசம்பரில் முதல் மாருதி கார் வெளிவந்தது. உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்ற அரசின் நிபந்தனையால், குருகிராம், மானேசர் பகுதிகளில் துணைத் தொழிற்சாலைகள் பெருகின. சுசுகியின் உற்பத்தி முறைகளை அவையும் கற்றுக்கொண்டன.

அருகில் இருந்தும் எட்டாத பயன்

குருகிராமை ஒட்டியுள்ளது நூ மாவட்டம். முந்தைய குர்கான், ஃபரிதாபாத் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2005இல் மேவாத் என்ற பெயரில் இது உருவாக்கப்பட்டது. நிதி ஆயோக் 2018 மார்ச்சில் வெளியிட்ட, முன்னேற விழையும் மாவட்டங்களின் தரவரிசையில் இதற்குக் கடைசி இடமே கிடைத்தது.

இந்தப் பின்னடைவுக்கு அந்நிய முதலீடு காரணமன்று. ஆனால், முதலீட்டின் பயனைப் பெறும் திறன் இரு மாவட்டங்களிலும் ஒரே அளவில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குர்கானில் எழுத்தறிவு பெற்றோர் 84.7 சதவீதம், மேவாத்தில் 54.1 சதவீதம். மேவாத் பெண்களிடையே இது 36.6 சதவீதம் மட்டுமே. பயிற்சி பெற்ற தொழிலாளர்களை நாடும் ஆலைகள், அவர்கள் ஏற்கெனவே உள்ள இடங்களையே தேர்ந்தெடுக்கின்றன. இதனால் அங்கு ஊதியம் உயர, அண்டைப் பகுதியுடனான இடைவெளி விரிவடைகிறது.

மாநிலங்களுக்கான பாடம்

நிலமும் வரிச்சலுகையும் தொழிற்சாலையை ஈர்க்கக்கூடும். அதன் பலன் சுற்றுவட்டார மக்களைச் சென்றடைய, பள்ளிக் கல்வி, தொழிற்பயிற்சி, சாலை, தடையற்ற மின்சாரம், சிறு நிறுவனங்களுக்கான கடன் வசதி ஆகியவை அவசியம். இவை இல்லாத மாவட்டத்துக்கு, அடுத்த ஊரில் அமையும் பன்னாட்டு ஆலையும் தொலைதூரத்தில் இருப்பதற்கு ஒப்பானதே.