முன்னால் ரிப், பின்னால் லக்

முன்னால் ரிப், பின்னால் லக். லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டியைத் திருப்பும் முன்சக்கரத்துக்கு நீளவாக்கில் கோடு ஓடும் ரிப் டயர். சுமையை இழுக்கும் பின்சக்கரத்துக்குக் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த லக் டயர். மீஞ்சூரிலிருந்து அத்திப்பட்டுக்கு வரும் சாலையோரம் டயர்க் கடை வைத்திருக்கிறேன். புதிதாக ஜீப் வாங்கிய தம்பிகள் வந்து, “அண்ணே, ஏடி போடலாமா, எம்டி போடலாமா?” என்று கேட்கும்போது எனக்கு அந்த லாரிக் கணக்குதான் முதலில் நினைவுக்கு வரும். ஏடி என்றால் எல்லாத் தரைக்கும் பொதுவான பட்டன். எம்டி என்றால் சேற்றுக்கென்றே செய்த முரட்டுப் பட்டன். பெயர்கள்தான் அமெரிக்காவிலிருந்து வந்தவை. எந்தத் தரைக்கு எந்தப் பட்டன் என்ற கேள்வி வடசென்னையில் எழுபது வருடமாகக் கேட்கப்படுகிறது.

வடசென்னையின் டயர் வரலாறு டயரில் தொடங்கவில்லை, பட்டனில் தொடங்கியது. 1946-இல் கே.எம். மம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. 1952-இல் அந்தக் கம்பெனி டிரெட் ரப்பரில் இறங்கியது. தேய்ந்த டயரின் முதுகில் புதிதாக ஒட்டும் ரப்பர் அது. முழு டயர் செய்ய அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் ஆனது. அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்து, 1961 நவம்பரில் முதல் டயரை வெளியே எடுத்தார்கள். அன்றைக்குப் புது டயர் சாதாரண லாரிக்காரருக்கு எட்டாத பொருள். உள்கூடு நன்றாக இருந்தால் பட்டனை மட்டும் மாற்றி இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஓட்டினார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘ரீபட்டன்’ என்று பேர்.

என் அப்பா திருவொற்றியூரில் ரீபட்டன் பட்டறையில் வேலை பார்த்தவர். பழைய டயரைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, டிரெட் ரப்பரைச் சுற்றி, அச்சுக்குள் இறக்கி ஆவியில் வேகவைப்பார்கள். எந்த அச்சில் இறக்குவது என்பதுதான் வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்வி. பஸ்ஸுக்கு ரிப், ஆற்று மணல் எடுக்கும் லாரிக்கு லக், இரண்டும் கலந்து ஓடும் வண்டிக்கு நடுவில் கோடும் ஓரத்தில் கட்டையுமாக ஒரு கலவை அச்சு. “வண்டி எங்க ஓடுதுன்னு கேக்காம அச்சைத் தொடாத” என்று அப்பா என்னிடம் சொல்வார். இன்றைக்கு ஏடி என்று விற்கும் டயரை உற்றுப் பாருங்கள். அந்தக் கலவை அச்சின் பேரன் அது.

ஜீப் இங்கே வந்தது வேறு வழியில். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பை 1947 முதல் மஹிந்திரா இந்தியாவில் பூட்ட ஆரம்பித்தது. போர்க்கால ஜீப்பின் டயர் 6.00-16 அளவு, ஒல்லி. முன்னால் போனாலும் பின்னால் எடுத்தாலும் ஒரே மாதிரி பிடிக்கும்படி பட்டை பட்டையாகப் பட்டன். அரசுத் துறைகளின் ஜீப்புகளில் அந்தப் பட்டன் வெகுகாலம் இருந்தது. அத்திப்பட்டுப் பக்கம் அப்போது உப்பளமும் சவுக்கும் கழிமுகச் சேறுமாக இருந்ததால், ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தேடிப் போகும். அன்று அதுவே சரியான டயர்.

ஏடி, எம்டி என்று பிரித்துப் பேர் வைத்ததில் பி.எஃப். குட்ரிச் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. 1976-இல் ஆல் டெரெய்ன் ரேடியலையும் 1980-இல் மட் டெரெய்ன் ரேடியலையும் அது சந்தைக்குக் கொண்டுவந்தது. வார நாளில் வேலைக்கும் விடுமுறையில் பாலைவனத்துக்கும் ஒரே வண்டியை ஓட்டியவர்கள் அமெரிக்காவில் பெருகியிருந்தார்கள். முதல் டயர் அவர்களுக்காகப் பிறந்தது. இரண்டாவது, வார நாளைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு. எம்டி என்ற பேரைக் கேட்டதும் ‘இதுதான் பெரிய டயர்’ என்று நினைக்கும் தம்பிகளுக்கு இந்த வேறுபாட்டைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்தக் குட்ரிச் டயர்த் தொழில் பிறகு பிரான்சின் மிஷ்லின் கைக்குப் போனது. அதே மிஷ்லின் 2009-இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் தேர்வாய் கண்டிகையில் ஆலை கட்டியது. அந்தத் தொழிற்பேட்டைக்கு எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர், ஊர் மக்கள் ஆடுமாடு மேய்த்த காடு. அதற்காக அவர்கள் போராடினார்கள். டயர் விற்றுச் சாப்பிடுகிறவன் நான். ஆனாலும் அந்த மக்களை விட்டுவிட்டு இந்த மாவட்டத்தின் டயர் கதையை எழுத எனக்கு மனம் வராது.

எங்கள் ஊரின் தரையும் அதற்குள் மாறிவிட்டது. 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அதற்கு நிலக்கரி இறக்க 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது; இப்போது அது காமராசர் துறைமுகம். பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம், வல்லூர் அனல்மின் நிலையம். உப்பளத்தின் நடுவே போன பாதைகளில் இன்று கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், அனல்மின் நிலையத்தின் குழாய் உடைந்து கொட்டிய சாம்பல் படிந்து கிடக்கிறது. ஜீப்புக்காரர் இங்கே சந்திக்கும் தரை இப்போது தார், சிமென்ட், டிரெய்லர் நசுக்கிய பள்ளம், அதன் மேல் ஒரு பூச்சாகச் சாம்பலும் கரித்தூளும். முதல் மழையில் அந்தப் பூச்சு இட்லி மாவாக வழுக்கும்.

இந்தத் தரையில் எம்டி என்ன செய்யும்? அதன் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். சேற்றில் சக்கரம் வேகமாகச் சுழலும்போது அந்த இடைவெளியில் அடைந்த சேறு வெளியே தெறித்து, கட்டை மறுபடி புது மண்ணைக் கவ்வும். அதுதான் எம்டியின் முழு வித்தை. தாரில் அந்த இடைவெளியே எதிரியாகிறது. தரையில் படும் ரப்பர் குறைவு. உயரமான கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது நெளியும். ஈரத்தில் வண்டி நிற்க அதிக தூரம் கேட்கும். அந்தத் தூரத்தில் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் போகும் பெண் இருப்பாள், சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளை இருக்கும். இரைச்சலையும் டீசல் செலவையும் உரிமையாளர் தாங்கிக்கொள்ளலாம். இந்தக் கூடுதல் தூரத்தை அவர் தாங்குவதில்லை, சாலையில் போகிற வேறு யாரோ தாங்குகிறார்கள். வெயிலில் கொதிக்கும் சாலையில் எம்டி சீக்கிரம் தேய்வதும், தேயும்போது ஒழுங்கில்லாமல் தேய்ந்து ஸ்டீயரிங்கை நடுங்க வைப்பதும் தனிக் கதை.

“சரி, ஞாயித்துக்கிழமை பழவேற்காடு மணல்ல இறக்குவேனே அண்ணே” என்பார்கள். மணல் சேறு அல்ல. மணலில் எம்டியின் கட்டைகள் தோண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வண்டி அச்சு வரை இறங்கும். மணலுக்கு வேண்டியது காற்றைக் குறைப்பது. ஏடி டயரில் பதினெட்டு பி.எஸ்.ஐ. வரை காற்றை இறக்கினால் டயர் பரந்து மணல் மேல் மிதக்கும். தாருக்கு ஏறியதும் திரும்ப அடித்துவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

2020-இல் வந்த புது மஹிந்திரா தாரின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே ஏடி டயரைப் போட்டுத்தான் அனுப்பியது. சந்தையே ஒப்புக்கொண்ட கணக்கு அது. இறால் பண்ணைக் கரையிலும் ஏரிக் கரம்பையிலும் தினம் இறங்கி ஏறுகிறவர்கள் சிலர் இங்கே உண்டு. அவர்களுக்கு மட்டும் நானே எம்டியை எடுத்துக் கொடுப்பேன். முடிந்தால் தனியாக நாலு டிஸ்க்கில் மாட்டி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தப் பகுதி தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு சாலையெங்கும் வண்டல். அந்த வாரம் கடைக்கு வந்த வண்டிகளில் ஏடியா எம்டியா என்று நான் பார்க்கவில்லை. பட்டன் மிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். மொட்டை டயர் எந்தப் பேரில் விற்றிருந்தாலும் மொட்டைதான். சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும் என்கிறது. எங்கள் ஊர் மழைக்கு அது போதாது, மூன்றிலேயே மாற்றிவிடுங்கள். தினமும் மீஞ்சூர், வல்லூர், அத்திப்பட்டு என்று ஓடும் வண்டிக்கு ஏடி வாங்குங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கத்தில் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஐப்பசி மழைக்குக் காத்திருக்காமல் ஆவணியிலேயே வந்துவிடுங்கள்.