கூடங்குளமும் வான்னாக்ரையும்: கணினிப் பாதுகாப்பின் ஒரு வரலாறு

திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளம் அணுமின் நிலையம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது என்ற செய்தி 2019 அக்டோபர் இறுதியில் பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் வந்த அறிக்கை அதைப் பொய்ச் செய்தி என்றது. கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்துடன் இணைக்கப்படாதவை என்பது அதன் வாதம். மறுநாளே இந்திய அணுமின் கழகம் தன் அமைப்பில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் பயனர் ஒருவரின் கணினி பாதிக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அமைப்பு இதைத் தெரிவித்துவிட்டது. உலைகளின் வலையமைப்பு தனியானது; அது பாதிக்கப்படவில்லை. முதல் நாள் அறிக்கையிலேயே இதைச் சொல்லியிருந்தால் வதந்திகளுக்கு இடமிருந்திராது.

அங்கு பேசப்பட்ட தீநிரல் டிட்ராக். விசைப்பலகையில் தட்டுவதையும் உலாவி வரலாற்றையும் திரட்டும் உளவு நிரல் இது. லாசரஸ் என்னும் குழுவின் வேலை இது என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கூறியது. வீட்டுக் கணினிகளையும் தாக்கிய வான்னாக்ரையும் அதே குழுவோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

வான்னாக்ரை 2017 மே 12 அன்று வெடித்தது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, பிட்காயினில் 300 டாலர் கேட்டது. ஆந்திரக் காவல்துறை, திருப்பதி தேவஸ்தானம், கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகங்கள் ஆகியவற்றின் கணினிகளும் சிக்கின. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் பழைய எஸ்எம்பி நெறிமுறையில் ஓட்டை இருந்தது. 445-ஆம் துறை திறந்திருந்தால் போதும். அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று தனக்கென வைத்திருந்த கருவி கசிந்ததே தாக்குதலுக்கு வழி செய்தது.

மைக்ரோசாப்ட் இதற்கான திருத்தத்தை மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள். எக்ஸ்பிதான் காரணம் என்று அன்று பலரும் பேசினார்கள். பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை உண்மையில் விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் வந்தும் அவற்றில் நிறுவப்படவில்லை. நம் ஊர்களில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை: நகல் குறுவட்டில் போட்ட விண்டோஸ், டேட்டா தீர்ந்துவிடும் என்று அணைத்து வைத்த அப்டேட். மோடத்தை வெறும் பாலமாக வைத்து, கணினியிலிருந்தே பிராட்பேண்டை டயல் செய்தவர்களுக்கு ஆபத்து அதிகம். ரவுட்டர் பின்னால் இருந்த கணினிக்கு வெளியிலிருந்து நேரே வர முடியாது.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. அதையொட்டித் தமிழக அரசு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி துறைகளுக்கு அறிவுறுத்தியது. வீடுகளுக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. வீட்டில் செய்ய வேண்டியவை எளியவைதான்: திருத்தத்தை நிறுவுவது, எஸ்எம்பியின் முதல் பதிப்பை அணைப்பது, தேவையான படங்களையும் சான்றிதழ்களையும் தனி வட்டில் நகலெடுத்து அந்த வட்டைக் கழற்றி வைப்பது. கழற்றாத வட்டையும் வான்னாக்ரை பூட்டியது.

2019 மே 14 அன்று ப்ளூகீப் என்ற இன்னொரு ஓட்டைக்காக, ஆதரவு முடிந்து ஐந்தாண்டான எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் தந்தது. விண்டோஸ் 7-இன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன.