ஹீலியம் கொடுத்த ஜாமீன்

1938 ஏப்ரல் 28 அன்று மாஸ்கோவில் லெவ் லாந்தாவ் கைதானார். வயது 30. அவர் மாணவர்களுக்கு வைத்த 'கோட்பாட்டுக் குறைந்தபட்சம்' என்ற தேர்வில் 1961 வரைக்கும் தேறியவர்கள் வெறும் 43 பேர். நம்ம ஐடி இன்டர்வியூ எல்லாம் அதன் முன்னால் சும்மா!

கைதுக்குக் காரணம் ஒரு மே தினத் துண்டறிக்கை. ஸ்டாலினை ஹிட்லர், முசோலினி வரிசையில் வைத்துத் திட்டியது. அந்தக் காலத்தில் செய்யாத குற்றத்துக்குத்தான் பெரும்பாலும் ஆளைப் பிடித்தார்கள். இது அப்படியில்லை. லாந்தாவுக்கு அதில் பங்கு இருந்ததாகத்தான் 1991இல் வெளியான வழக்குக் கோப்பு சொல்கிறது.

அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் இயக்குநர் பியோத்தர் கபீட்சா அன்றைக்கே ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். லாந்தாவின் குணம் மோசம், வாய் சும்மா இருக்காது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பதில் இல்லை.

ஒரு வருஷம் கழித்து கபீட்சா வேறு வழியைப் பிடித்தார். திரவ ஹீலியத்தை சுமார் மைனஸ் 271 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் பாகுத்தன்மையே இல்லாமல் ஓடுகிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஏன் என்று தெரியவில்லை. அதை விளக்க லாந்தாவை விட்டால் நாட்டில் ஆளில்லை என்று பிரதமர் மொலோடோவுக்கு எழுதினார். நியாயம் கேட்டால் எடுபடாது, ப்ராஜெக்டுக்கு ஆள் வேணும் என்றால் எடுபடும். எந்த மேனேஜருக்கும் தெரிந்த கணக்குதான், பணயம் மட்டும் கழுத்து. கடைசியில் பெரியாவுக்கு எழுத்தில் ஜாமீன் கொடுத்தார். 1939 ஏப்ரல் இறுதியில் லாந்தாவ் வெளியே வந்தார். 1941இல் ஹீலியத்துக்கு விளக்கமும் வந்தது, 1962இல் அதற்கு நோபல்.

இதை இனிமையான நட்புக் கதையாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் லாந்தாவோடு சேர்ந்து மாட்டிய மொய்சேய் கோரெட்ஸ் பல வருஷம் முகாமில் கிடந்தார். நண்பர் மத்வேய் பிரான்ஸ்டைன் ஈர்ப்புக்கும் குவாண்டத்துக்கும் முடிச்சுப் போடப் பார்த்தவர். 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள், வயது 31. இன்னொரு நண்பர் லெவ் ஷூப்னிக்கோவ் கார்கிவில் குளிர்நிலை ஆய்வகத்தையே நடத்தியவர். திரவ ஹீலியம் அவர் கையிலும் இருந்தது. 1937 நவம்பரில் அவரையும் சுட்டுவிட்டார்கள்.

லாந்தாவ் 1968இல் காலமானார். ஜாமீன் போட்ட கபீட்சா 1984இல். லாந்தாவ் மேலிருந்த வழக்கை ரத்து செய்தது 1990இல்தான்.