அழாத பிள்ளை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் சிலரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் என் வலது முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இடைவெளி குறைஞ்சிருக்கும்மா, தேய்மானம்தான்" என்றார். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "தேஞ்சது எதுன்னு காட்டுங்க டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். "அது படத்துல தெரியாதும்மா. ரெண்டு எலும்புக்கு நடுவுல கறுப்பா இருக்கிற இடம்தான் அது" என்றார்.

இதை நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பிசியோதெரபி படித்த ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், சர்க்கரைக்கு இருக்கிற மாதிரி, கையில பிடிச்சு வச்சதும் இதைச் சொல்ற கருவி வந்துச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை. மகன் உதவியோடு மூன்று வாரம் தேடிப் படித்தேன். படித்ததை எனக்குத் தெரிந்த பாடம் நடத்தும் முறையிலேயே சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். கோழிக்கால் சாப்பிடும்போது எலும்பின் நுனியில் வெள்ளையாக வழுவழுவென்று ஒரு பூச்சு இருக்குமே, அதுதான் குருத்தெலும்பு. பேச்சில் எல்லாவற்றையும் "ஜவ்வு" என்று சொல்லிவிடுகிறோம். எலும்பையும் எலும்பையும் கட்டும் நார் வேறு, முழங்காலுக்குள் இருக்கும் பிறை வடிவத் தட்டு வேறு, இந்தப் பூச்சு வேறு. நம் முழங்காலில் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம்தான். அதில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு தண்ணீர். மீதி, வலை போலப் பின்னிய நாரும், அதற்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் புரதச் சர்க்கரைக் கூட்டுப் பொருளும். நிற்கும்போதும் நடக்கும்போதும் நம் எடையைத் தாங்குவது இந்த மெல்லிய பூச்சுதான்.

இதற்கு இரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. இரத்தம் வராததால் காயம் பட்டால் சரியாக ஆறாது. நரம்பு இல்லாததால் காயம் பட்டதே நமக்குத் தெரியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இது அழவே தெரியாத பிள்ளை.

இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் வில்லியம் ஹண்டர். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனுக்கு வந்தவர். 1743இல், இருபத்தைந்தை ஒட்டிய வயதில், மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றி ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அளித்தார். குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீண்டு வருவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. அவர் அதைக் கண்டது இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து. உயிரோடு இருப்பவரின் மூட்டைப் பார்க்க அன்று வழி இல்லை.

1895இல் ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது. குருத்தெலும்பு தெரியவில்லை, கதிர் அதைக் கடந்து போய்விடுகிறது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சுருங்குவதை வைத்து, உள்ளே இருந்தது தேய்ந்திருக்கிறது என்று ஊகித்தார்கள். 1957இல் இங்கிலாந்தில் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள், எலும்பு ஓரத்தில் வளரும் முளைகளையும் இந்த இடைவெளியையும் பார்த்து 0 முதல் 4 வரை தரம் போடும் முறையை வகுத்தார்கள். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. வகுப்பில் காலியாகக் கிடக்கும் பெஞ்சைப் பார்த்து யார் வரவில்லை என்று சொல்வது மாதிரியான முறை. இடைவெளி சுருங்கித் தெரியும்போது சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

இனி ஜப்பானுக்குப் போவோம். மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் யோசனையை டென்மார்க்கைச் சேர்ந்த நோர்டென்டாஃப்ட் 1912லேயே பெர்லினில் ஒரு மாநாட்டில் சொல்லியிருந்தார். ஆனால் விடாப்பிடியாக அதைச் செய்து காட்டியவர்கள் ஜப்பானியர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்நாளில் அங்கே காசநோய் முழங்காலைத் தாக்குவது சகஜம். கவனிக்காமல் விட்டால் முழங்கால் மடங்காமல் இறுகிவிடும். நாற்காலியில் வாழ்கிறவருக்கு அது ஒரு குறை. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து சாப்பிட்டு, மண்டியிட்டே விருந்தினரை வரவேற்கிற ஊரில் அது பெரிய ஊனம். நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்று டோக்கியோவின் கென்ஜி தகாகி நினைத்தார். 1918இல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை எடுத்து, இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவர் முதலில் செய்த கருவி 7.3 மில்லிமீட்டர் தடிமன். உயிருள்ள மூட்டுக்கு அது ஆகாது. 1931இல் 3.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். பதின்மூன்று வருஷ உழைப்பு!

அவருடைய மாணவர் மசாகி வதனபே. குருவின் வேலையை மாணவர் தொடர்ந்தார். வரிசையாக எண் போட்டுக் கருவிகள் செய்துகொண்டே போனார். 1950களின் கடைசியில் வந்த 21ஆம் எண் கருவிதான் நிலைத்தது. அதன் நுனியில் சின்ன பல்பு எரியும். சில நேரம் மூட்டுக்குள்ளேயே பல்பு உடைந்துவிடும் என்ற தொல்லையும் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின்போது கனடா அணியோடு வந்த மருத்துவர் ராபர்ட் ஜாக்சன், வதனபேயிடம் இதைக் கற்றார். பதிலுக்கு வதனபேக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அவர் டொராண்டோவுக்கு எடுத்துப்போன பிறகுதான் வட அமெரிக்காவில் இந்த வித்தை பரவியது. இப்படி மாணவர் வழியாக ஒரு அறிவு கடல் தாண்டிய கதை எதைப் படித்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இப்போது குருத்தெலும்பைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஆனால் பார்த்தால் மட்டும் போதவில்லை. 1961இல் கனடாவின் அவுட்டர்பிரிட்ஜ் என்ற மருத்துவர் கெட்டுப்போகும் குருத்தெலும்பை நான்கு படியாகப் பிரித்தார். நான்காம் படியில் எலும்பே தெரியும். மூன்றிலும் இரண்டிலும் வெடிப்பு தெரியும். முதல் படியில் வெடிப்பே இருக்காது. மென்மையாகி, கொஞ்சம் உப்பியிருக்கும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி தொட்டுப் பார்ப்பது. நுனி வளைந்த மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு மருத்துவர் அழுத்திப் பார்ப்பார். நன்றாக இருந்தால் எதிர்த்து நிற்கும், கெட்டிருந்தால் அமுங்கும். நம் பிள்ளை கேட்ட "கையில் பிடிக்கும் கருவி"யின் ஆதி வடிவம் இந்தக் கொக்கிக் கம்பிதான்.

இதில் என்ன சிக்கல் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லாமலே புரியும். ஒரே விடைத்தாளை இரண்டு பேர் திருத்தினால் இரண்டு மதிப்பெண். "மெத்துன்னு இருக்கு" என்று ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒன்றாகாது. கை சொல்வதை எண்ணாக மாற்ற வேண்டும்.

ஸ்வீடனின் கார்ல் ஹிர்ஷ் 1944இலேயே முழங்கால் சில்லின் குருத்தெலும்பை அழுத்தி, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்திருந்தார். 1995இல் பின்லாந்தின் குவோபியோ நகரத்து ஆய்வாளர்கள் அதே வேலையை, ஆர்த்ரோஸ்கோப்பில் பார்த்தபடி உயிருள்ள மூட்டுக்குள் செய்யும் கருவி ஒன்றை வெளியிட்டார்கள். நீளமான கம்பி, கையில் பிடிக்க ஒரு பிடி. நுனியில் சிறு முனை. அதைக் குருத்தெலும்பின் மேல் வைத்து அழுத்தினால், முனையை அது எவ்வளவு பலத்தோடு திருப்பித் தள்ளுகிறது என்று அளந்து சொல்லும். 2001இல் சிட்னி ஆய்வாளர்கள் வேகமாகத் தட்டித் தட்டி அளக்கும் இன்னொரு கைக்கருவியைப் பற்றி எழுதினார்கள்.

கனடாக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். குருத்தெலும்பை அழுத்தினால் மிகச் சிறிய அளவில் மின்னழுத்தம் பிறக்கும். அதன் கூட்டுப் பொருளில் எதிர்மின்னூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்தும்போது தண்ணீரோடு நேர்மின் துகள்கள் நகர்கின்றன. இந்த நகர்வுதான் மின்னழுத்தமாகத் தெரிகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபிராங்க், குரோட்ஜின்ஸ்கி ஆகியோர் 1987இல் இதை விளக்கமாக எழுதினார்கள். இதை வைத்து மாண்ட்ரியல் பக்கம் ஆர்த்ரோ-பிஎஸ்டி என்ற கைக்கருவியைச் செய்தார்கள். அதன் உருண்டை நுனியில் 37 நுண் மின்முனைகள். கூட்டுப் பொருள் கரைந்து நார் வலையும் தளர்ந்துபோனால் மின்னழுத்தம் குறையும். வெடிப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த மாற்றத்தைப் பிடிப்பதுதான் நோக்கம்.

அப்படியானால் இவை ஏன் நம் டாக்டர் மேஜைக்கு வரவில்லை? எனக்குப் புரிந்தவரை மூன்று காரணம். முதலாவது, இவை எல்லாமே குருத்தெலும்பைத் தொட வேண்டும். அதற்கு மூட்டைத் துளைக்க வேண்டும். இரண்டாவது, ஒரே முழங்காலில் இடத்துக்கு இடம் கனமும் கடினமும் மாறும். கருவி கொஞ்சம் சாய்ந்தாலும் எண் மாறும். அதனால் ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூன்றாவதுதான் முக்கியம். 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மோஸ்லி குழுவினர் தேய்மானம் உள்ள 180 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்தார்கள் அல்லது கழுவினார்கள். சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கவனித்ததில், கீறித் தைத்தவர்களைவிட மற்றவர்கள் எந்த விதத்திலும் மேலாக இல்லை. தேய்மானத்துக்கென்று குழாய் விடுவதால் பயன் இல்லை என்று ஆனபின், அளப்பதற்காக மட்டும் யார் துளைப்பார்கள்? அதனால் இந்தக் கருவிகளுக்கு ஆய்வுக்கூடமும், வேறு காரணத்துக்காகத் திறக்கும் மூட்டும்தான் இடம்.

தோலுக்கு வெளியிலிருந்து பார்க்க, இப்போது கைபேசியில் இணைக்கும் சிறு அல்ட்ராசவுண்ட் கருவிகள் வந்துவிட்டன. முழங்காலை நன்றாக மடக்கி மேலே வைத்தால் தொடை எலும்பு நுனியின் குருத்தெலும்பு கறுப்புப் பட்டையாகத் தெரியும். எலும்புக்குப் பின்னால் மறைந்த பகுதி தெரியாது. ஆக, அம்மா, உன் கேள்விக்கு என் பதில்: கருவி இருக்கிறது, சர்க்கரைக் கருவி போல வீட்டுக்கு வரவில்லை. முழங்காலில் ஒட்டினால் மதிப்பெண் சொல்லும் என்று விளம்பரம் வந்தால், வாங்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். எடையைக் குறைப்பதும் தொடைத் தசையைப் பலப்படுத்துவதும்தான் இன்றும் முதல் மருந்து.

கடைசி விஷயத்துக்கு வருகிறேன். படித்ததில் என்னைத் தூங்கவிடாதது ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸ்காட் டை என்ற மூட்டு மருத்துவர், தன் இரண்டு முழங்கால்களையும் தானே சோதனைக்குக் கொடுத்தார். தோலில் மட்டும் மரத்துப்போக ஊசி, உள்ளே எதுவும் இல்லை. சக மருத்துவர் ஒருவர் கம்பியால் ஒவ்வொரு பாகமாகத் தொட, விழித்திருந்தபடியே எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். 1998இல் அதை வெளியிட்டார். மூட்டின் உள்ளுறையையும் கொழுப்புத் திண்டையும் தொட்டபோது துடித்துப்போனார். சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது ஒன்றுமே தெரியவில்லை. இத்தனைக்கும் அது ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு நம் ஐந்தாம் வகுப்பு வராண்டா ஞாபகம் வந்தது. வீட்டுப்பாடம் எழுதாதவர்களை "முட்டி போடு" என்று வெளியே அனுப்புவேன். மறந்திருக்க மாட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் "வலிக்குது டீச்சர்" என்று அழுகிறவர்களை எழுப்பி உள்ளே உட்கார வைப்பேன். ஒருவன் மட்டும் அழமாட்டான், கேட்கமாட்டான். அவனுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பாடம் நடத்தப் போய்விடுவேன். மணி அடிக்கும்வரை அப்படியே இருப்பான். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவான். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அவன் வீட்டில் விளக்கு இல்லாததால்தான் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பது வருஷம் முடிந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

அந்தத் தண்டனையால் அவன் மூட்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை. அழாததால் வலிக்கவில்லை என்று முடிவு செய்தேனே, அந்தத் தப்பைத்தான் சொல்கிறேன். உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதற்காக அந்த மருத்துவர்கள் இத்தனை வருஷம் பாடுபட்டிருக்கிறார்கள். எனக்குக் கருவி எதுவும் தேவைப்பட்டிருக்காது. பக்கத்தில் போய், "ஏன்டா எழுதல?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அவன் இதைப் படிக்கிறானா தெரியாது. படித்தால், மன்னித்துக்கொள் ராசா. உன்னோடு முட்டி போட்ட எல்லாரிடமும் அதையே கேட்கிறேன். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், பெற்றோராக இருப்பவர்கள், அழுகிற பிள்ளையைத் தேற்றிவிட்டு அழாத பிள்ளையிடமும் ஒருமுறை போய்க் கேளுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள். நானும் தினமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்