பூனைக்கு லில்லி, நாய்க்குப் புளி

நாம் உண்பதில் ஒரு பிடியை வளர்ப்புப் பிராணிக்கும் வைப்பது நம் வழக்கம். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் அவற்றின் இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் குலைக்கும் தாவரங்கள் நம் அடுக்களையிலும் வரவேற்பறையிலுமே இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வெங்காயம், பூண்டு: இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. சில நாட்கள் கழித்துச் சோகை தோன்றும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். சமைத்தாலும் பொடித்தாலும் நஞ்சு போகாது. நாயைவிடப் பூனையே இதற்கு எளிதில் ஆட்படும்.

திராட்சை, புளி: திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது முன்பே தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியலாளர்கள் 2021-இல் சுட்டிக்காட்டினர். அந்த அமிலம் மிகுந்த இன்னொரு பொருள் நம் புளி. ரசம் சோற்றையும் புளியோதரையையும் நாய்க்கு வைக்கும் வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

லில்லி: இது பூனைக்கு எமன். இலை, இதழ், மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எதுவானாலும் ஆபத்துத்தான். முதலில் வாந்தி, மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். நாய்க்கு இந்தச் சிறுநீரகக் கேடு வருவதில்லை.

ஸ்வீட் குளோவர்: இது மாட்டுத் தீவனம். 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த இந்த வைக்கோலைத் தின்ற மாடுகள், கொம்பு நீக்கிய சிறு காயத்திலேயே இரத்தம் உறையாமல் மாண்டன. விஸ்கான்சின் உழவர் ஒருவர் 1933-இல் செத்த கிடாரியையும் ஒரு பால்கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் கொண்டுவந்து காட்ட, கார்ல் லிங்க்கின் ஆய்வுக்கூடம் அந்த நஞ்சைத் தேடத் தொடங்கியது. கண்டறியப்பட்ட டைகுமராலின் வழியில் பிறந்ததே வார்ஃபரின். 1948-இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்து, 1954 முதல் மனிதருக்கு மருந்தாயிற்று. நம் வீட்டு முதியவர்கள் பலர் இரத்தம் உறையாதிருக்க விழுங்கும் மாத்திரையின் பூர்வீகம் அந்த மாட்டுக் கொட்டகைதான்.

ஆக, நஞ்சா மருந்தா என்பதை அளவும் உண்ணும் உயிரும் தீர்மானிக்கின்றன. மேற்சொன்னவற்றில் ஒன்றை உங்கள் பிராணி தின்றுவிட்டால், அறிகுறிக்காகக் காத்திராதீர்கள். எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்ற விவரத்தோடு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.