தேயிலைப் பெட்டி முத்திரையும் முன்பின் தெரியாதவருக்கு எழுதும் மின்மடலும்

மாட்டுப்பட்டி என்றதும் இங்கே பலருக்கு நினைவு வருவது அணையும் ஸ்பீடு போட்டும்தான். தேனிலவு ஆல்பத்தில் ரெண்டு படமாவது அங்கே எடுத்ததாக இருக்கும். அந்த அணை கட்டி முடிந்தது 1953இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்னால் அந்த வழியாக ரயில் ஓடியது என்று சொன்னால் நம்ம வீட்டுப் பசங்க "போங்கப்பா" என்கிறார்கள். நிஜம்தான். 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டார்கள். மாட்டுப்பட்டியைத் தொட்டுத்தான் போகும். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளைக் கயிற்றுப்பாதையில் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு இறக்குவார்கள். அங்கிருந்து போடி, தூத்துக்குடி, கப்பல், லண்டன். 1924 வெள்ளம் (கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள்) அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை.

கொசுவர்த்திச் சுருளை இத்தோடு அணைத்துவிடுகிறேன். இன்றைக்கு எனக்கு ரயிலைவிட அந்தப் பெட்டிதான் முக்கியம். லண்டனில் அதை வாங்குகிறவன் மூணாறைப் பார்த்ததில்லை. கிள்ளியது யார், உருட்டியது யார் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு எதை நம்பி வாங்கினான்? பெட்டியின் மேல் எஸ்டேட்டின் மார்க்கும் தரமும் அச்சு வைத்திருக்கும். ஏலத்துக்கு முன்னால் புரோக்கர் சாம்பிளை ருசி பார்ப்பான். ஒரு மார்க்கில் ரெண்டு தடவை மோசமான தூள் வந்தால் அடுத்த ஏலத்தில் விலை தானாக இறங்கும். யாரும் தண்டிக்க வேண்டியதில்லை. 1679இல் தொடங்கிய லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29ஆம் தேதி வரை ஏறக்குறைய இந்த அடிப்படையில்தான் நடந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் அக்கா மகன் மாட்டுப்பட்டிப் பக்கத்தில் ஏலக்காய், மிளகு, தேயிலை மூன்றையும் சின்னச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கிறான். முதல் என்னவென்றால், அக்கா எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த கிராஜுவிட்டி. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வீடு கட்ட வைத்திருந்த காசில் பாதி பாக்கெட் மெஷினாக நிற்கிறது. வெளிநாட்டு மளிகைக் கடைகளுக்கு நேரடியாக விற்கலாம் என்று யாரோ ஒருவரிடம் மின்மடல் முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கினான். புதிதாக ஒரு டொமைன் பதிந்தான். ஒரே ராத்திரியில் ஆயிரத்து இருநூறு பேருக்கு மடல் அனுப்பினான். ஒரு பதில் இல்லை. அது மட்டுமா? கோயம்புத்தூரில் வாடிக்கையாக வாங்குகிற கடைக்காரருக்கு அனுப்பிய பில்கூட மறுநாள் ஸ்பாம் பெட்டியில் விழுந்தது.

"மாமா, நான் என்ன திருடனா? நல்ல சரக்குதானே விக்கிறேன்?" என்று கேட்டான். பொட்டி தட்டும் பொழைப்பில் என் ஆணி முழுக்க மெயில் சர்வர் ஆணிதான் என்பது அவனுக்குத் தெரியும். பதில் சொல்ல ஆரம்பித்தேன், அது பெரிய சரித்திரமாகப் போய்விட்டது. உங்களில் சிலருக்கும் ஊரில் இப்படி ஒரு மருமகனோ தம்பியோ இருக்கலாம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேட்காதவனுக்கு விளம்பரம் அனுப்புவது இன்டர்நெட்டோடு வந்த வியாதி இல்லை. 1864 மே மாதம் லண்டனில் அரசியல் பெரும்புள்ளிகள் சிலருக்கு ராத்திரி வேளையில் தந்தி வந்தது. அந்தக் காலத்தில் தந்தி என்றால் வயிற்றைக் கலக்கும். பதறிப்போய்ப் பிரித்தால், கேப்ரியல் என்ற பல்வைத்தியக் கடையின் விளம்பரம்! கோபத்தில் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார்கள்.

மின்மடலில் முதல் ஆள் கேரி துர்க். டிஜிட்டல் எக்யூப்மென்ட் கம்பெனியின் விற்பனைப் பிரிவுக்காரர். 1978 மே 3ஆம் தேதி, ஆர்ப்பாநெட்டில் இருந்த அமெரிக்க மேற்குக் கரைக்காரர்கள் ஏறக்குறைய 400 பேருக்கு, புதுக் கணினி பார்க்க வாருங்கள் என்று ஒரே மடலை அனுப்பினார். முகவரிகளை அச்சிட்ட டைரக்டரியைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார்களாம். பெறுநர் பகுதியில் இடம் போதாமல் மீதி முகவரிகள் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. திட்டு வாங்கினார். ஆனால் அதனால் பெரிய விற்பனை நடந்தது என்றும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இந்தத் தொழிலின் மொத்தக் குழப்பமும் அந்த முதல் மடலிலேயே இருக்கிறது பாருங்கள்: எல்லாரும் திட்டினார்கள், சரக்கும் விற்றது.

(அதே 1978இல்தான் சிவா அய்யாதுரை நியூஜெர்சியில் பதினான்கு வயதில் ஈமெயில் என்ற பெயரில் ஒரு மென்பொருள் எழுதினார். கண்டுபிடித்தவரே நம்ம ஆள்தான் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: பெயரும் நிரலும் அவருடையவை. கணினி விட்டுக் கணினிக்கு மடல் அனுப்புவதை ரே டாம்லின்சன் 1971இலேயே செய்துவிட்டார். இதற்கு மேல் நான் வரவில்லை.)

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிமுறை வந்தது. இன்றைக்கும் மடல் ஓடுவது அடிப்படையில் அதன் மேல்தான். அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நம்ம இன்லேண்டு லெட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் அனுப்புநர் முகவரியில் நீங்கள் கலெக்டர் என்று எழுதினாலும் தபால்காரர் கேட்கமாட்டார். எஸ்எம்டிபியும் அப்படித்தான், அனுப்புகிறவன் சொன்ன பெயரை அப்படியே நம்பும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்த வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். ஒருத்தர் சர்வர் இன்னொருத்தர் மடலையும் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கும். எஸ்டேட் லாரியில் வழியில் நிற்கிறவனின் மூட்டையையும் ஏற்றிக்கொள்வதில்லையா, அதுபோல.

அந்த நல்ல காலம் முடிந்தது 1994 ஏப்ரல் 12. அரிசோனாவின் கேன்டர், சீகல் என்ற வக்கீல் தம்பதி கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் ஒரே விளம்பரத்தை ஒட்டினார்கள். உலகத்தின் முதல் பெரிய ஸ்பாம் கலாட்டா நம்மைப் போன்ற குடியேறிகளைக் குறிவைத்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்தியாவில் பிறந்தவனுக்கு அந்த லாட்டரியில் இடமே இல்லை என்பது தனிச் சோகம்.

இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15இல். 1996 ஜூலை 4இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் திறந்தார்கள். முகவரி இலவசம் என்றதும் அனுப்புகிறவர் கூட்டமும் பெருகியது. அதன் பிறகு ஊர்க்காவல் ஆரம்பித்தது. 1997இல் பால் விக்ஸி குழுவின் கறுப்புப் பட்டியல், 1998இல் ஸ்பாம்ஹவுஸ். ஒரு ஐபி எண் அந்தப் பட்டியலில் ஏறினால் அதிலிருந்து வரும் மடலைப் பலரும் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அடுத்து, 2002இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, வார்த்தைகளை வைத்து நிகழ்தகவு கணக்குப் போடும் வடிகட்டிகள் பரவின. யாரோ கையால் பட்டியல் போட்டது போய், நீங்கள் எதை ஸ்பாம் என்று தள்ளுகிறீர்களோ அதிலிருந்தே கணினி கற்றுக்கொள்ள ஆரம்பித்தது.

இப்போது தேயிலைப் பெட்டிக்கு வருவோம். இன்லேண்டு லெட்டர் ஓட்டையை அடைக்க மூன்று பூட்டுகள் வந்தன. 2003 வாக்கில் உருவான எஸ்பிஎஃப் முதலாவது. 'எங்கள் எஸ்டேட் சரக்கு இந்த இந்த லாரியில்தான் வரும்' என்று டொமைன்காரர் டிஎன்எஸ்ஸில் ஊரறிய எழுதி வைப்பது. வேறு லாரியில் வந்தால் சந்தேகப்படு. இரண்டாவது டிகேஐஎம், 2007இல் தரநிலையானது. இதுதான் மார்க். ஒவ்வொரு மடலிலும் கணித முத்திரை விழும். வழியில் யாராவது உள்ளே கை வைத்தால் முத்திரை பொருந்தாது. லாரி மாறினாலும் முத்திரை நிற்கும், அதனால் எனக்கு இதன்மேல்தான் மதிப்பு அதிகம். மூன்றாவது டிமார்க், 2012. மேலே எழுதிய பெயரும் முத்திரையும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்யவேண்டும் (சும்மா விடு, தனியே வை, திருப்பி அனுப்பு) என்று எஸ்டேட்காரரே சொல்லிவைப்பது.

மூன்றும் இருந்தாலே மடல் சேர்ந்துவிடும் என்று விற்பனை ஆசாமிகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். மார்க் இருந்தால், மோசமான தூள் எந்த எஸ்டேட்டுடையது என்று சரியாகத் தெரியும். அவ்வளவுதான். ருசி பார்ப்பது வேறு வேலை. 2024 பிப்ரவரியில் கூகிளும் யாஹூவும் விதி போட்டன: யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும். நாளுக்கு 5000க்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும், விளம்பர மடலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பாம் என்று சொல்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர்! மைக்ரோசாஃப்டும் 2025 மே மாதம் அதே வழிக்கு வந்தது. முன்பின் தெரியாத ஆயிரம் கடைக்காரர்களில் மூன்று பேர் எரிச்சல்படாமல் இருப்பார்களா?

பெரிய இடத்துக்கே இது நடந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 24ஆம் தேதி நம்ம சென்னை ஜோஹோவின் டொமைனையே அதைப் பதிந்துவைத்திருந்த கம்பெனி நிறுத்திவிட்டது. காரணம், ஜோஹோ மெயில் வழியாக யாரோ அனுப்பிய ஏமாற்று மடல்கள் பற்றி வந்த மூன்று புகார்கள். கோடிக்கணக்கான பயனர்கள் முழிக்க, ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்கவேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் சரியானது. வாடகைக்கு இருந்தவன் செய்த வேலைக்கு வீட்டுக்காரர் வாசலில் பூட்டு.

அக்கா மகன் விஷயத்தில் தப்பு எங்கே என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். நேற்றுப் பிறந்த டொமைன், மூன்று பூட்டில் ஒன்றுகூட இல்லை, முதல் ராத்திரியே ஆயிரத்து இருநூறு. விலைக்கு வாங்கிய பட்டியலில் பாதி செத்துப்போன முகவரிகள். அதில் சிலது பொறி. யாருமே பயன்படுத்தாத முகவரியை வேண்டுமென்றே விட்டுவைத்து, அதற்கு எழுதுகிறவனைப் பிடிப்பார்கள். சட்டமும் இருக்கிறது. 2004 தொடக்கத்தில் அமலான அமெரிக்கச் சட்டம், கேட்காமலே எழுதுவதைத் தடுப்பதில்லை. பொய்த் தலைப்பு கூடாது, நிஜமான தபால் முகவரி வேண்டும், வேண்டாம் என்றவரைப் பத்து வேலை நாளுக்குள் நீக்கவேண்டும், அவ்வளவுதான். நான் இருக்கும் கனடா அப்படியில்லை. 2014 ஜூலை 1 முதல் சம்மதம் வேண்டும். கடைக்காரர் தன் முகவரியை வெளிப்படையாகப் போட்டிருந்து, விளம்பரம் வேண்டாம் என்று சொல்லாமல், மடலும் அவர் தொழில் சம்பந்தப்பட்டதாக இருந்தால் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம். மீறினால் கம்பெனிக்கு ஒரு கோடி டாலர் வரை அபராதம்.

இதற்குக் குறுக்கு வழி விற்கிறவர்கள் ஏராளம். பெயரைக் கொஞ்சம் மாற்றி இருபது டொமைன் வாங்கு, ஒன்று கெட்டால் அடுத்தது. இன்னொரு வகை 'சூடேற்றுதல்': நூற்றுக்கணக்கான பெட்டிகள் தங்களுக்குள் மடல் அனுப்பி, தாங்களே திறந்து, தாங்களே பதில் போட்டு நல்ல பெயர் வாங்குவது. தன் தேயிலையைத் தானே ஏலத்தில் எடுத்துக்கொண்டு நல்ல விலை போகிறது என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மருமகனிடம் கண்டிப்பாக வேண்டாம் என்றேன்.

ஒரு சனிக்கிழமை (தங்கமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான்) உட்கார்ந்து செய்தது இவ்வளவே. பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டோம். விற்பனை மடலுக்கு அவன் டொமைனிலேயே தனி உள்பெயர், அதற்கு மூன்று பூட்டும் போட்டாயிற்று. டிமார்க் முதலில் 'சும்மா கவனி'. ஒரு மாத அறிக்கைகளைப் பார்த்தபிறகு 'தனியே வை'. கடைகளை அவனே ஒவ்வொன்றாகத் தேடி, நாளுக்குப் பத்து மடலுக்கு மேல் போகக்கூடாது. படம் இல்லை, திறந்தாரா என்று வேவு பார்க்கும் சமாச்சாரம் இல்லை. எந்தக் கடைக்கு, ஏன் எழுதுகிறான் என்று முதல் வரியிலேயே இருக்கவேண்டும். அடியில் முகவரி, 'வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் மறுபடி எழுதமாட்டேன்' என்ற வரி. கோயம்புத்தூர் பில் மூன்றாவது வாரம் ஸ்பாமிலிருந்து வெளியே வந்தது. இரண்டு மாதத்தில் பதினாறு பதில், அதில் பதினொன்று 'வேண்டாம்'. மூன்று பேர் சாம்பிள் கேட்டார்கள். மெஷின் கடனுக்கு இது போதாது. ஆனால் அந்த 'வேண்டாம்' பதினொன்றும் மனுஷன் படித்துவிட்டு எழுதியவை.

இதே பூட்டுகள் வாங்குகிறவர் பக்கத்துக்கும் உதவும். ஊரில் அப்பா அம்மாவுக்கு 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்' என்று மடல் வந்தால், கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மடலின் மேல் வலது மூலையில் மூன்று புள்ளியைத் தட்டி அசல் மடலைக் காட்டச் சொல்லுங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி, பக்கத்திலேயே தேறியதா இல்லையா என்று இருக்கும். தேறியிருந்தாலும் எந்த டொமைன் பெயரில் என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மோசடிக்காரனும் தன் சொந்த டொமைனுக்கு ஒழுங்காக முத்திரை வைத்திருப்பான், வங்கியின் பெயரில் ஓர் எழுத்துதான் மாறியிருக்கும்.