புகையிலை ஈன்ற பட அட்டையும் அறத்தின் ஏலமும்

புத்தூர், நீர்வேலி, அச்சுவேலி முதலிய வலிகாமத்து ஊர்களின் தோட்டங்களில் ஒருகாலத்தில் தலையாய பணப்பயிராக விளங்கியது புகையிலை. பாடம் செய்யப்பெற்ற யாழ்ப்பாணப் புகையிலை சிப்பங்களாகக் கட்டப்பட்டுக் கடல்கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது; சுருட்டாக உருமாறித் தென்னிலங்கை எங்கும் விலைபோயிற்று. நம்மவர் புகையிலையைச் சிப்பமாகக் கட்டி அனுப்பிய அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, மேல்நாட்டுப் புகையிலை வணிகம் புதியதொரு பண்டத்தையும் ஈன்றது. விளையாட்டு வீரரின் உருவம் பொறித்த சிறு அட்டையே அது. நேயர்களே, அவ்வட்டை பிறந்த வரலாற்றையும், அறநிலையங்களின் ஏலங்களில் அது இன்று விலைபோகும் முறையையும், அதனால் நாம் பெறத்தக்க ஓர் உண்மையையும் இப்பேச்சிலே சிறிது ஆராய்வோம்.

சிகரட்டுகள் முதலில் மெல்லிய காகிதப் பொதிகளில் விற்கப்பட்டன. அவை நசுங்காதிருக்கும்பொருட்டு உள்ளே ஒரு தடித்த அட்டையை வைத்தனர். வெறுமையாய்க் கிடந்த அந்த அட்டையில் படம் அச்சிட்டால் வாங்குவோரைக் கவரலாம் என்பது வணிகருக்குப் புலப்பட்டது. அமெரிக்காவில் அலன் அன்ட் கின்ரர் என்னும் கம்பனி 1887ஆம் ஆண்டளவில் பேஸ்போல் ஆட்டக்காரர், குத்துச்சண்டை வீரர், மற்போர் வீரர் முதலியோரின் படங்களை 50 அட்டைகள் கொண்ட ஒரு தொகுதியாக வெளியிட்டது. இங்கிலாந்தில் வில்ஸ் கம்பனி 1896இல் கிரிக்கெட் ஆட்டக்காரரின் தொகுதியொன்றை வெளியிட்டது. இந்தியாவிற் பிறந்து இங்கிலாந்து அணிக்கு ஆடிய இரஞ்சித்சிங்ஜியின் உருவமும் அக்காலச் சிகரட்டு அட்டைகளில் இடம்பெற்றதுண்டு. தந்தை புகைக்க, மைந்தன் அட்டை சேர்த்தான். இரண்டாம் உலகப்போரின் காகிதத் தட்டுப்பாட்டினால் பிரித்தானியாவில் 1940இல் இவ்வழக்கம் நின்றுபோயிற்று. அமெரிக்காவிலோ, அதற்கு முன்னரே, மெல்லும் பசைமிட்டாய்ப் பொதிகள் சிகரட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இலட்சக்கணக்கில் அச்சான அட்டைகள் அரும்பொருளானது எவ்வாறு? எளிதிற் கிடைத்தமையாலே அவற்றைப் பேணுவார் இலர். சிறுவர் விளையாடிக் கசக்கினர்; வீடு கூட்டுவோர் குப்பையிலிட்டனர். 1952இல் ரொப்ஸ் கம்பனி வெளியிட்ட அட்டைகளுள் விற்காது எஞ்சியவற்றைப் பின்னர்க் கடலிலே கொட்டியதாக அக்கம்பனியின் சை பேகர் என்பார் கூறியிருக்கிறார். அதே 1952ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த மிக்கி மான்ரில் என்பாரின் அட்டையொன்று, 70 ஆண்டுகள் சென்று, 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று. எறிந்தவர் எண்ணிக்கை மிகுந்ததனாலேயே வைத்திருந்தவரின் அட்டைக்கு விலை ஏறிற்று.

இனி அறநிலையங்களின் கதைக்கு வருவோம். 1902இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்த போதகர், செல்வர் கழித்த பழம்பொருள்களைத் திரட்டி, ஏழைகளைக்கொண்டு செப்பனிட்டு விற்கலானார். செப்பனிட்டோர்க்குக் கூலியும், வாங்கினோர்க்கு மலிவும் கிடைத்தன. குட்வில் என்னும் பெரும் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. இங்கிலாந்தில் 1942இல் தோன்றிய ஒக்ஸ்பாம் சங்கமும் இத்தகைய கடைகளை நடத்தி வருகின்றது. முதியவர் ஒருவர் மறைந்தபின் அவருடைய அலமாரியை ஒழிக்கும் பிள்ளைகள், உள்ளிருப்பது இன்னதென்று பாராமலே பெட்டியோடு இக்கடைகளுக்கு அளிப்பது வழக்கம். சட்டைகளுக்கும் கோப்பைகளுக்கும் இடையிலே பழைய அட்டைகளும் இவ்வாறு வந்துசேரும்.

அவற்றுக்குச் சிறு விலை எழுதித் தட்டிலே வைத்தால், உண்மை மதிப்பறிந்த ஒருவர் முந்திவந்து சில்லறைக் காசுக்குக் கொண்டுபோவார். சட்டப்படி அது குற்றமன்று. ஆயினும் ஏழைக்கென்று கொடுக்கப்பட்ட பொருளின் மதிப்பு ஏழையைச் சென்றடையவில்லை. இக்குறையை நீக்க ஏலம் துணைபுரிகின்றது. கலிபோர்னியாவின் ஒறேஞ்சு மாவட்டத்துக் குட்வில் கிளை 1999இல் இணையவழி ஏலத்தைத் தொடங்கிற்று. அட்டைகளைப் படம்பிடித்து இணையத்தில் இடுவர். குறித்த நேரத்துள் எவ்வூரினரும் விலை கேட்கலாம். வாங்குவோர் அட்டையின் மூலைகள் கூராக உள்ளனவா, மடிப்புண்டா, படம் நடுவில் அமைந்துள்ளதா, பிற்கால மறுபதிப்பா என்று நுணுகிநோக்கியே கேட்பர். மதிப்பறிந்தோர் இருவர் போட்டியிட்டாற் போதும். விலை உண்மை மதிப்பை நோக்கி ஏறிவிடும். ஒருவரே அறிந்திருப்பாராயின், ஏலமும் தட்டுக்கடையாகவே முடியும். படம் மங்கலாயிருந்தாலும், விவரம் பிழையாயிருந்தாலும், பிறர் அறியாது போவர், அறநிலையம் இழக்கும். ஆதலால் ஏலத்தை நேர்மையாக்குவது விலை கூறும் குரலன்று. பலருக்கும் பொதுவாகிய அறிவே எனலாம்.

நம்மூர்க் கோயில் ஏலத்தை இதனோடு ஒப்பிடுக. அடியார் கொணர்ந்த மாம்பழத்தை ஏலமிடும்போது அதன் சந்தை விலை சிறுவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், ஒருதரம், இரண்டுதரம் என்று கூறக்கூறப் பன்மடங்கு ஏற்றிக் கேட்கின்றனர், மிகுதிப்பணம் கோயிலுக்காகும். அங்கே மதிப்புக் குறைந்த பொருளுக்கு அன்பினால் மிகுவிலை கொடுக்கிறோம். அட்டை ஏலத்திலோ மதிப்பு மிகுந்த பொருளைக் குறைந்த விலைக்குப் பெற விழைகின்றனர். நோக்கம் வேறாயினும், இரண்டிடத்தும் பணம் அறத்துக்கே செல்கின்றது. அட்டை சேர்ப்போர் தம் ஆதாயத்தை நாடியே வந்தாலும், திறந்த ஏலமானது அவர்களையும் அறியாமலே கொடையாளராக்கி விடுகின்றது.

இச்செய்தி நமக்கும் புறம்பானதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதலாக ஆடிவரும் கிரிக்கெட் போட்டி, வடக்கின் பெரும்போர் எனப்படுவது. அத்தகைய போட்டிகளின் பழைய நிகழ்ச்சித் தாள், ஓட்டக்கணக்குப் புத்தகம், அணியின் புகைப்படம் ஆகியவையும் அட்டைகளைப் போன்ற சிறு காகிதங்களே. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலைத் துறந்து இடம்பெயர்ந்தபோது, உயிரைக் காப்பதே பெரும்பாடாயிற்று. காகிதத்தைக் காப்பது எங்ஙனம்? எஞ்சியவை அரியவை. புத்தூரிலோ வேறெந்த ஊரிலோ பழைய பெட்டகம் ஒன்றைத் திறப்போர், உள்ளிருக்கும் தாளை எரிக்குமுன்னும், விற்குமுன்னும், தருமத்துக்குக் கொடுக்குமுன்னும், அறிந்தார் ஒருவருக்குக் காட்டுவாராக. கொடை நல்லது, கொடுப்பது இன்னதென்று அறிந்து கொடுப்பது அதனினும் நல்லது.